மதினியின் பெல்ட்

காலையில் வேன் ஏறியதும் எங்களுக்கு முதலில் தெரிய வருவது மதினியின் இடுப்பு நிலவரம்தான். "இன்னைக்கு எடது பக்கம்" என்பார். இல்லையென்றால், "இன்னைக்கு நடுவுல ஆரம்பிச்சுக் கீழ எறங்குது" என்பார். கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வார். வானத்தைப் பார்த்து மழை வருமா வராதா என்று சொல்கிறவர்களின் குரல் இருக்குமே, அதே குரல். புலம்பல் இருக்காது. வலி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சன்னலோரம் இருப்பவளை நகரச் சொல்லி உட்கார்ந்து, அடுத்த ஊர் வருவதற்குள் வேறு எதையாவது பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் எனக்குச் சொந்த மதினி இல்லை. அவருடைய வீட்டுக்காரர் எங்கள் தெருக்காரர், எனக்கு அண்ணன் முறை. அதனால் மதினி என்று கூப்பிட்டேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரு நாளில் என் வாயிலிருந்து வரும் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு வேனில் வந்தவர்கள் மதினி என்றார்கள், பிறகு பட்டாசுக் கம்பெனி முழுவதும் மதினி என்றது. கடைசியில் அவரைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட, "மதினி வந்தாச்சா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

செல்போன் எங்கள் பக்கம் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. சாத்தூருக்கு மேற்கே எங்கள் ஊரிலிருந்து இருட்டு விலகும்போது வேன் கிளம்பும். வழியில் இரண்டு மூன்று ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகும். மதினிக்குப் பூச்சட்டி ரூமில், அதாவது புஸ்வாணம் செய்கிற ரூமில், வேலை. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, குனிந்து, மண் சட்டிக்குள் பட்டாசு மருந்தைப் போட்டு அழுத்தி வைக்க வேண்டும். காலையில் குனிந்தால் சோற்று நேரத்துக்குத்தான் நிமிர முடியும். பல வருடம் அப்படி உட்கார்ந்து வந்த வலி அது.

எனக்கு உள்ளே வேலை இல்லை. நான் ராக்கெட்டுக்குக் குச்சி சீவுகிறவன். மூங்கில் பிளக்கும் கத்தி இரும்பு. மருந்து இருக்கிற இடத்துக்கு இரும்பு போகக் கூடாது. ஒரு உரசல் போதும், ஒரு பொறி போதும். அதனால் கேட்டுக்கு வெளியே ஒரு ஓலைக் கொட்டகையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருள்களுக்கும் அதுதான் இடம். பெண்கள் கொண்டை ஊசியைக் கழற்றி என் கொட்டகையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊக்கு, சாவிக்கொத்து, செல்போன், ஆண்களின் பீடிக்கட்டு எல்லாம் அங்கேயே தங்கும். சாயங்காலம் அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

கேட்டில் நின்று சோதனை போடுகிறவர் எங்கள் போர்மேன். மெலிந்த மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எதையும் நம்பமாட்டார். நைலான் சேலை கட்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடித்தபோது முதலில் உள்ளே ஓடியவர்களில் அவரும் ஒருவர் என்று சொல்வார்கள். அங்கே என்ன பார்த்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

மதினி விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போய்வந்த மறுநாள் வேனே கலகலவென்று இருந்தது. வயிற்றைச் சுற்றி, சேலைக்கு மேலேயே, கருப்பாக அகலமான ஒரு பெல்ட். ஏறும்போதே அதைத் தட்டிக் காட்டினார்.

"டாக்டரு என்ன சொன்னாருன்னா, இது வலியப் போக்காதாம். தாங்கிப் பிடிச்சுக்கிடுமாம், அம்புட்டுத்தான். வேலை பாக்கும்போது மட்டும் கட்டணும். படுக்கயில கழட்டிரணும். எந்நேரமும் கட்டுனா இடுப்பு சோம்பேறியாயிருமாம்."

"உங்க வீட்டுக்காரர் மாதிரியா மதினி?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவரு பெல்ட்டு கட்டாமயே ஆயிட்டாரு."

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, பூச்சட்டி ரூமில் அவரோடு வேலை பார்த்த பேச்சியம்மாள் கிட்டே குனிந்து மெதுவாகச் சொன்னாள். "உள்ள கட்டிக்கிட்டா என்ன மதினி? இப்படி மேல கட்டிட்டு வந்தா பாக்கிறவுக என்ன நெனைப்பாக?"

"என்ன நெனைப்பாக? இடுப்பு வலின்னு நெனைப்பாக. உள்ளதத்தான நெனைக்கப் போறாக, நெனைச்சுட்டுப் போகட்டும்."

மதினி எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு பதிலைத்தான் சொல்லுவேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுப்பு வலியை யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஆண்களும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வேலைக்கு ஆகாதவர் என்று பெயர் வந்துவிடும். மதினிக்கு மறைக்கத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அவருக்கு நேரம் கிடையாது.

பெல்ட் வந்த அட்டைப் பெட்டியையும் எனக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் பெல்ட் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "இவனப் பாருங்க கொழுந்தனாரே. இடுப்பு வலி உள்ளவன் இப்படிச் சிரிப்பானா? அப்ப பெல்ட்டு நல்ல பெல்ட்டுதான்."

ஆனால் கேட்டில் போர்மேன் அவரை நிறுத்திவிட்டார்.

"இது என்னத்தா?"

"பெல்ட்டு அண்ணாச்சி. டாக்டரு குடுத்தது."

போர்மேன் அதைக் கழற்றச் சொன்னார். ஒட்டிக்கொண்டிருந்த பட்டையைப் பிரித்தபோது 'சர்ர்ர்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கே போர்மேன் ஓர் அடி பின்னால் போனார். பிறகு பெல்ட்டை வாங்கி இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள கம்பி இருக்கு."

"ஆமா. அதுதான நிமித்தி வைக்கிது."

"கம்பி இருக்கு. நைலான் இருக்கு. பிரிச்சா பொறி பறக்கிற பட்டை இருக்கு. இத உள்ள விட்டா நான் போர்மேன் இல்ல." பெல்ட்டை என் கொட்டகைப் பக்கம் நீட்டினார். "உங்க இடுப்ப நான் கொறை சொல்லல. இடுப்பு உள்ள போகட்டும். பெல்ட்டு இங்கன இருக்கட்டும்."

மதினி வாதாடவில்லை. போர்மேன் சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரியும். பெல்ட்டை என் கொட்டகைக் கம்பில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காலையில் மாட்டுவார், சாயங்காலம் எடுத்துக் கட்டிக்கொண்டு வேன் ஏறுவார். "பாருங்க கொழுந்தனாரே கூத்த" என்பார். "நா குனிஞ்சு வேலை பாக்கயில இது ஆணில தொங்குது. வேன்ல சாஞ்சு தூங்கயில என் இடுப்புல கெடக்கு. டாக்டரு சொன்னதுக்கு நேர் எதிரு."

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தை மட்டும் அவர் பிசகாமல் செய்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். தனக்கு மட்டும் செய்து பழக்கமில்லாதவர் என்பதால் சோற்று நேரத்தில் வேம்படியில் எல்லாப் பெண்களையும் படுக்கப் போட்டுவிட்டார். வரிசையாகப் பெண்கள் தரையில் கிடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்த போர்மேன், மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து மண் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தீக்கு வைத்திருந்த வாளி அது. பதற்றத்தில் தண்ணீர் வாளி கைக்கு வரவில்லை.

"என்னத்தா ஆச்சு? யாருக்கு என்ன?"

"இடுப்புக்கு வேலை குடுக்கோம் அண்ணாச்சி" என்றார் மதினி, படுத்தபடியே. "நீங்களும் படுங்க. அங்கன எடம் இருக்கு."

போர்மேன் மண் வாளியோடு திரும்பிப் போனதை என் கொட்டகையிலிருந்தே பார்க்க முடிந்தது. சிரித்துச் சிரித்து என்னால் அன்று குச்சி சீவ முடியவில்லை.

ஆடி மாதத்தில் வேனில் வருகிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு வெளியே, உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பைத் தகட்டில் வெட்டி விற்பார்கள். வாங்கி அம்மனுக்குச் செலுத்த வேண்டும். மதினி கடை முழுக்கத் தேடினார்.

"இடுப்பு இல்லையா?"

"கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு, முழு ஆளு இருக்கு" என்றார் கடைக்காரர். "இடுப்பத் தனியா யாரும் கேட்டதில்லம்மா. முழு ஆளா வாங்கிக்கோங்க."

"முழு ஆளக் குடுத்தா ஆத்தா தலையில இருந்து பாக்க ஆரம்பிப்பா. இம்புட்டுக் கூட்டத்துல அவ இடுப்புக்கு வந்து சேர எம்புட்டு நேரம் ஆகும்?"

"அப்ப காலு வாங்குங்க. கீழ இருந்து பாத்துட்டே வரட்டும்."

"அதுவும் தூரந்தான?"

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் மதினி முழு ஆளைத்தான் வாங்கினார். சும்மா விடவில்லை. கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றில் கொஞ்சம் பிய்த்து அந்தத் தகட்டு ஆளின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டார். செலுத்தும்போது, "இங்கனதான் தாயே. மத்ததப் பத்தி அப்புறமாப் பேசிக்கிடுவோம்" என்றார். பக்கத்தில் கண்ணை மூடி நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மன் அந்த வருடம் கொஞ்சம் தாமதித்துவிட்டாள் போல. தீபாவளி சீசன் நெருங்க நெருங்க மதினிக்கு மதியத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து சுவரைப் பிடித்து நிற்பார், திரும்ப உட்காருவார். பேச்சியம்மாளும் மற்றவர்களும் வேலையைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கை இரண்டுதானே. ஒருநாள் சாயங்காலம் போர்மேன் கேட்டருகில் அவரை நிறுத்திப் பேசியது எனக்குக் கேட்டது.

"ஆர்டர் குவிஞ்சு கெடக்கு மதினி. முதலாளி கேக்காக. உங்களால முடியலேன்னா அந்த எடத்துல வேற ஆளப் போடணும். நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க."

பேக்கிங்கில் பெட்டி தூக்க வேண்டும். டாக்டர் முதலில் வேண்டாம் என்று சொன்னதே அதைத்தான். அவருடைய வீட்டுக்காரர் லோடு ஏற்றும்போது விழுந்து கால் பிசகியதிலிருந்து சின்னச் சின்ன வேலைதான் பார்த்துவந்தார். மகள் விருதுநகரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூச்சட்டி ரூம் போனால் மதினி உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலை வேறு எங்கும் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் அதையும் அவரே வேனில் சொல்லியிருந்தார்.

ஆணியிலிருந்து பெல்ட்டை எடுக்கும்போது என் முன்னால் கிடந்த மூங்கில் சீவல்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். மதினி பேசாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"கொழுந்தனாரே, கம்பிக்குப் பதிலா மூங்கி வச்சா?"

மறுநாளே வேலை தொடங்கியது. மதினி காடாத்துணியை நாலு மடிப்பாக மடித்து, நடுவில் நீள நீளமாகப் பைகள் விட்டு, பெல்ட் தைத்துக்கொண்டுவந்தார். ஒட்டுப் பட்டைக்குப் பதில் பாவாடை நாடா. நான் கைவசம் இருந்த ராக்கெட் மூங்கிலில் விரல் அகலத்துக்குச் சீவி, முனையைத் தேய்த்து, அந்தப் பைகளுக்குள் செருகினேன். தாங்குமா என்று பார்க்க வேண்டும். மதினியைக் கட்டிக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்துச் சோற்றுக்கு எல்லாப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

வயிற்றில் வெள்ளைத் துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி நான் நின்றேன்.

"ஏட்டி, இங்கன வந்து பாருங்க" என்றார் மதினி. "நம்ம கொழுந்தனாருக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு இருக்கும் மதினி."

"அப்ப வளையல் வாங்கணும்லா!"

நாடா முடிச்சு அவிழமாட்டேன் என்றது. அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. கடைசியில் மதினிதான் வந்து அவிழ்த்தார். அவிழ்க்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் போகச் சொன்னார். பிறகு மெதுவாக, "கட்டியிருக்கயில நிமிந்து நின்னீக. நீங்க நிமிந்து நின்னு இப்பத்தான் பாக்கேன். உங்களுக்கும் வலி இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மறுநாள் காலை வேன் முழுக்கத் தெரிந்திருந்தது எனக்கும் இடுப்பு வலி என்று.

போர்மேன் புதுப் பெல்ட்டைச் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் வைத்திருந்தார். அதைத் துணி முழுக்க ஓட்டினார். ஒட்டவில்லை. முகர்ந்தார். நாடாவை அவிழ்த்துக் காதுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். பிறகு கையை உள்ளே காட்டினார். மதினி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, புதுச் சேலை கட்டிக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போலப் போனார்.

சில வாரம் நன்றாகப் போயிற்று. மதினி மாலைவரைக்கும் உட்கார்ந்தார். வேனில் வலி நிலவரம் சொல்லும் குரலில்கூட ஒரு அலட்சியம் வந்துவிட்டது. "இருக்கு. எங்கனயோ இருக்கு" என்பார்.

நானும் அவரும் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். ராக்கெட் குச்சிக்கு நன்றாகக் காய்ந்த, விறைப்பான மூங்கில் வேண்டும். வளைந்தால் ராக்கெட் நேராகப் போகாது. ஆனால் இடுப்பு வளைகிற பொருள். காய்ந்த மூங்கில் கொஞ்ச நாள் வளைந்து கொடுக்கும். பிறகு ஒருநாள் கொடுக்காது.

ஒரு முற்பகல், பூச்சட்டி ரூமில் மதினி பக்கத்தில் இருந்த சட்டியை எட்டி எடுக்கக் குனிந்தார். 'டப்'.

எங்கள் வேலையில் ஒரே ஒரு பாடம்தான் எல்லாருக்கும் மனப்பாடம். தெரியாத சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பூச்சட்டி ரூமின் இரண்டு வாசலிலும் ஆட்கள் பாய்ந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து அடுத்த ரூம் ஓடியது. அதைப் பார்த்து அதற்கடுத்த ரூம். என் கொட்டகையைத் தாண்டி ரோட்டுவரைக்கும் ஓடினார்கள். நானும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாருக்கும் முன்னால், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதினி ஓடினார்.

ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தோம். புகை இல்லை. ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மதினி இடுப்பைத் தடவினார். பெல்ட்டுக்குள் ஒரு பக்கம் மடங்கித் தொங்கியது.

"ஒண்ணும் இல்லத்தா" என்றார். "என் மூங்கி ஒடிஞ்சிருக்கு."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். "இடுப்பு வலியாம்லா, என்ன ஓட்டம்!" என்று யாரோ சொன்னதும் சிரிப்பு இன்னும் கூடியது.

போர்மேன் தலைகளை எண்ணி முடித்திருந்தார். கேட்டுக் கம்பைப் பிடித்தபடி நின்றார்.

"எனக்குச் சிரிப்பு வரல" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் உள்ள பாத்துட்டு வந்தேன். மருந்தத் தட்டிவிட்டு ஓடியிருக்காக. ரெண்டு பேரு அதுல சறுக்கியிருக்காக. அது உரசியிருந்தா? மதினி, நாளையில இருந்து வராதீக."

மதினி வாயைத் திறந்தார். பேச்சியம்மாளின் முழங்காலைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் வேனில் அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சன்னலோரம் இடம் காலியாகவே வந்தது, யாரும் உட்காரவில்லை. இடதா வலதா என்று சொல்ல ஆள் இல்லாமல் அவரவர் தங்கள் தங்கள் வலியோடு பேசாமல் வந்தோம். பூச்சட்டி ரூமுக்குப் புது ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு அடிபட்டது.

பட்டாசுக்கு வேண்டிய குழாய்களை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். தாளைப் பசை தடவித் தடவி ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றினால் காய்ந்தபின் கல்போல இருக்கும், ஆனால் மரத்தைப்போலப் படக்கென்று முறியாது. வளைத்து ஒட்டினால் வளைவாகவே காயும். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. பழைய காலண்டர் தாள்களும் கொஞ்சம் மைதாப் பசையும் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நானாகவே மதினி வீட்டுக்குப் போனேன். யார் வீட்டுக்கும் நானாகப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மதினி பாயில் படுத்து டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். மூங்கிலுக்குப் பதில் தாள் பட்டை வைக்கலாம் என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்து காலண்டர் தாள்களைப் புரட்டினார். அவருடைய வீட்டுக்காரர் வாசலில் இருந்து, "எந்தச் சாமி?" என்று கேட்டார்.

"முருகன் வேண்டாம்" என்றார் மதினி. "கையில வேலு வச்சிருக்காரு. இரும்புன்னு போர்மேன் நிறுத்திருவாரு."

"அம்மன் படம் இருக்கு மதினி."

"நா நாளெல்லாம் முதுகக் காட்டிட்டு உக்காந்தா அவளுக்குக் கோவம் வராதா? ஏற்கெனவே முழு ஆளக் குடுத்துக் கொழப்பி வச்சிருக்கேன்." இன்னும் இரண்டு தாள் புரட்டினார். பனி மூடிய மலையும் அதன் கீழே பச்சையாக ஓர் ஏரியும் உள்ள படம் வந்தது. எந்த நாடோ தெரியவில்லை. அதில் கையை வைத்துப் பார்த்தார். "இதத் தோதா உள்பக்கமா வச்சு ஒட்டுங்க. குளுகுளுன்னு இருக்கும்."

பனிமலையைத் தோல் பக்கம் பார்த்து வைத்தேன். ஒரு மரக்கட்டையின் வளைவில் வைத்துக் காயவிட்டோம். காய்ந்ததும் இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தேன். வளைந்தது, சத்தம் வரவில்லை, திரும்ப நிமிர்ந்தது. மூங்கிலை உருவிவிட்டு அதைப் பெல்ட்டுக்குள் செருகினேன்.

திங்கட்கிழமை மதினி வேன் ஏறினார். அன்று இடுப்பு நிலவரம்கூடச் சொல்லவில்லை. கம்பெனி வாசலில் போர்மேன் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொல்லிட்டேன்ல."

மதினி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒருக்கா காதக் குடுத்துக் கேட்டுப் பாருங்க. சத்தம் வந்தா திருப்பி அனுப்பிருங்க. தாளுதான் அண்ணாச்சி. நம்ம தாளு."

போர்மேன் நான் பேசியதை அதற்குமுன் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அதனாலேயே நின்றார். பெல்ட்டை வாங்கி, காந்தத்தை ஓட்டி, காதோடு வைத்து மடக்கினார். திரும்ப மடக்கினார். பிறகு கட்டச் சொன்னார்.

"இங்கன உக்காந்து எந்திரிங்க. எல்லாரும் சத்தங் காட்டாம நில்லுங்க."

கேட்டுக்கு முன்னால் மண் தரையில் இடம் விட்டு நின்றோம். வேன்காரர் எஞ்சினை நிறுத்தினார். வாட்ச்மேன் இருமலை அடக்கிக்கொண்டார். மதினி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், ரூமில் உட்காருவதைப்போலக் காலை நீட்டி. ஒன்றும் இல்லை. குனிந்து எட்டி, இல்லாத ஒரு சட்டியை எடுத்தார். ஒன்றும் இல்லை. போர்மேன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதை அவர் இடுப்பை நோக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எந்திரிங்க."

மதினி ஒரு கையை ஊன்றி எழுந்தார். 'களுக்'.

போர்மேன் துள்ளி எழுந்தார். நாங்கள் எல்லாரும் ஓர் அடி பின்னால் போனோம். என் தாள் பட்டைதான் போய்விட்டது என்று நினைத்தேன்.

மதினி மட்டும் அசையாமல் நின்றார். "அது பெல்ட்டு இல்ல அண்ணாச்சி" என்றார். "அது நான். எடது முழங்கால் முட்டி."

சேலைக்கு மேலேயே முட்டியைத் தட்டிக் காட்டினார்.

"வயசான முட்டி. அதக் கழட்டி ஆணில மாட்ட முடியாது. மாட்ட முடிஞ்சா மாட்டியிருப்பேன்."

"இன்னொருக்கா" என்றார் போர்மேன்.

மதினி உட்கார்ந்து எழுந்தார். 'களுக்'. இந்தத் தடவை போர்மேன் காதை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அப்படியே குனிந்தபடி இருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தோம். முகத்தை நிமிர்த்தியபோதுதான் சிரிக்கிறார், அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய முகத்துக்கு வந்தார். "உள்ள போங்க. ஆனா நேரா ரூமுக்குப் போகக் கூடாது. எல்லா ரூம் வாசல்லயும் நின்னு, இப்படி ஒருக்கா உக்காந்து எந்திரிச்சு, இந்தச் சத்தத்தக் காட்டிட்டுப் போங்க. இது மதினி முட்டின்னு எல்லாருக்கும் தெரியணும். இதுக்கு எவளும் ஓடக் கூடாது."

மதினி பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனார். நான் கொட்டகைக்கு வந்து கத்தியை எடுத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் ரூமிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அது அடங்கி அடுத்த ரூமிலிருந்து வந்தது. அப்புறம் அதற்கும் அடுத்தது. வரிசை முழுக்க ரூம் ரூமாக அந்தச் சிரிப்பு தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கோடியில் இருந்த பூச்சட்டி ரூமில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று கேட்டது. அதன் பிறகு சத்தம் இல்லை, வேலை தொடங்கிவிட்டது.